கோரம்

தமிழ்க் காதுக்கு அது பயங்கரமான சொல்.
தென்னாப்பிரிக்கக் கரூ வெளியில்,
செம்மறிகளுக்கு ரோமம் கத்தரிக்கிற மாதத்தில்,
வெறும் எண்ணிக்கை:
இருநூற்றுப் பன்னிரண்டு பெற்றோரில்
நூற்றுக்குப் பதினைந்து.
வகுத்துப் பார்த்தால் முப்பத்தொன்றும் சொச்சமும்.
சொச்சத்துக்கும் ஒரு முழு ஆள் வேண்டும்
என்றார் தேர்தல் அலுவலர் யெஃப்தா.
அவர் அடுத்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர்.
இந்தப் பள்ளியின் தலைமையாசிரியரோ
டீ அடுப்பருகே ஒதுங்கி நின்று
கோப்பைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

மணி ஆறரை.
ஒன்றாம் வகுப்பு நாற்காலிகளில்
முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்
பண்ணை ஆட்கள், தபால் நிலையத்துப் பெண், மூன்று நர்ஸுகள்,
தூங்குகிற ஒரு கைக்குழந்தை.
குழந்தையைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்க,
சிரிப்பு. யெஃப்தா சிரிக்கவில்லை.
எழுத்தர் சூசரா இரண்டாம் முறை எண்ணினாள்.
முப்பத்தொன்று.

ஏழு மணிவரை பார்க்கலாம். தவறினால்
அடுத்த வியாழன் மறுகூட்டம்.
அதற்குக் கோரம் கிடையாது, வந்தவர் போதும்.
ஒரு காரில் அடங்குகிற கூட்டம்
நூற்று நாற்பது பிள்ளைகளின் கூரையை, பஸ்ஸை, தண்ணீர்த் தொட்டியை
மூன்று வருஷத்துக்குத் தீர்மானிக்கலாம்.

பஸ் ஒப்பந்தக்காரர் க்ரோட்பூமுக்கு அந்த விதி மனப்பாடம்.
அவரும் மனைவியும் இரண்டு டிரைவர்களும்
(எல்லோரும் பெற்றோர், எல்லோரும் பட்டியலில்)
இன்று வீட்டு முற்றத்தில் ஆட்டுக்கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
புகை பள்ளிவரை வந்தது.
வராமலிருப்பதும் ஒரு வாக்கு என்று
மூக்கு வழியாக எல்லோருக்கும் புரிந்தது.

கேட்டுக்கு வெளியே க்ளாஸ் அடோனிஸ்
வண்டியின் பானெட்டைத் திறந்துவைத்து
பழுதில்லாத எஞ்சினைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.
உள்ளே மூன்றாம் வரிசையில் மெர்ல்.
டிலானோ இருவருக்கும் மகன்.
வீடு மட்டும் நாலு வருஷமாய் இரண்டு.

சூசரா போய்க் கூப்பிட்டாள்.
"நான் கணக்கில் வருவேனா?
பையன் அவளோடு. ஃபீஸும் அவள்தான்."
குடும்பத்துக்கு ஒன்று இல்லை, ஆளுக்கு ஒன்று.
நாலு பிள்ளை இருந்தாலும் ஒன்று,
பிள்ளை வேறு வீட்டில் தூங்கினாலும் ஒன்று.
பட்டியலில் பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"இருக்காது" என்றான். திரும்பி கேட்டைப் பார்த்தான்.
இருந்தது.
சேர்க்கைப் படிவத்தில், தந்தை என்ற கட்டத்தில்,
ஊதா மையில், மெர்லின் சாய்ந்த எழுத்தில்.
பழைய செல் எண்ணை அடித்து
போன மாதம் அவன் வாங்கிய புது எண்ணை
மேலே எழுதியிருந்தாள்.
மெர்ல் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்,
அவன் உட்கார்ந்து முடிக்கும்வரை.

ஆறு ஐம்பத்தெட்டு. முப்பத்திரண்டு.

அப்புறம் நடந்ததில் சுவாரஸ்யம் இல்லை.
முன்மொழிதல், வழிமொழிதல்.
ஏழு பேர், ஐந்து இடம்.
பிள்ளை பள்ளியைவிட்டு நின்றால்
அன்றே பதவியும் போகும் என்ற எச்சரிக்கை:
எட்டு வயதுக்காரனின் புத்தகப் பையில் தொங்குகிற நாற்காலி.
ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் துளை, சுற்றிலும் டேப்.
மடித்த தாள்கள்.

மெர்ல் ஆறாவதாக வந்தாள். ஒரு வாக்கில்.
செல்லாத தாள் ஒன்று.
யெஃப்தா உயர்த்திக் காட்டினார்:
ஏழு பேருக்கும் ஏழு குறி,
யாரையும் விடாமல், யாருக்கும் தெரியாமல்.
ஓரத்தில் எஞ்சின் எண்ணெயில் ஒரு கட்டைவிரல்.
யாருடையது என்று கேட்கக் கூடாது. யாரும் கேட்கவில்லை.

கோரம் கலையாதா என்றது தபால் நிலையம்.
கலையாது.
ஆள் செல்லும், தாள் செல்லாது.

சூசரா அதைக் குறிப்பேட்டில் எழுதும்போது
பையில் செல் அடித்தது. க்ரோட்பூம்.
அடிக்கட்டும் என்று விட்டாள்.
வெளியே பானெட் மூடுகிற சத்தம்.
எஞ்சின் முதல் சாவியிலேயே கிளம்பியது,
ஆனால் நகரவில்லை, வெகுநேரம்.